என் பையில் பழனியின் போன்

1

நேற்று மத்தியானம் வேலை முடிந்து திரும்புகிற படகில் ஒரு போன் அடித்தது. என் கை தானாக இடது சட்டைப்பைக்குப் போனது. அங்கே இப்போது எதுவும் இல்லை. என் போன் கால்சட்டைப் பையில் இருக்கிறது, அடித்தது அதுவும் இல்லை. கொஞ்ச நாளாகவே எனக்கு இப்படித்தான். யாருடைய போன் அடித்தாலும் பயப்படுகிறவன் நான்.

ஏன் என்று எழுதிப் பார்க்கிறேன். ஊரில் இருந்து படிக்கிறவர்களுக்கு இது சிரிப்பாகக்கூட இருக்கலாம்.

நான் இருப்பது லிஸ்பன். போர்ச்சுகல் நாட்டின் தலைநகரம். நடுவில் கடல் போல ஒரு ஆறு. இந்தக் கரையில் வாடகை குறைவு, அந்தக் கரையில் வேலை. விடிவதற்கு முன் படகேறி, இறங்கி பஸ் பிடித்து, காய்கறி மொத்தச் சந்தைக்குப் போகிறேன். லாரியில் வரும் பெட்டிகளை இறக்கி அடுக்குவது என் வேலை. மனைவி பொன்னி ஒரு முதியோர் இல்லத்துச் சமையற்கட்டில் வேலை செய்கிறாள். மகள் மலர் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். சின்ன வயதில் இங்கே வந்து சேர்ந்தவள். பள்ளிக்கூடத்தில் அவளை ‘மலா’ என்று கூப்பிட்டார்கள். இந்த ஊர் மொழியில் அதற்குப் பெட்டி என்று அர்த்தம். நான் சண்டைக்குப் போகப் பார்த்தேன். அவள் தடுத்துவிட்டாள். இன்றைக்கும் அவளுடைய நண்பர்களுக்கு அவள் மலாதான். நான் பெட்டி இறக்குகிறவன், அவள் பெட்டி, குடும்பத் தொழில் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

என் கதை நீளமானது, சுருக்கிச் சொல்கிறேன். கொல்லிமலையில் திருப்புலி நாடு எனக்கு, அங்கே சில ஊர் சேர்ந்ததை நாடு என்போம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். படிப்பு வரவில்லை என்று சொல்ல மாட்டேன், உட்கார வரவில்லை. மரவள்ளிக் கிழங்கு லாரியில் மூட்டைகள் மேல் படுத்து, வளைவு வளைவாக இறங்கி, அடிவாரத்துக் காரவள்ளியில் டீ குடித்துவிட்டு அப்படியே போனவன். போர்வெல் வண்டியில் சத்தீஸ்கர், ராஜஸ்தான். பிறகு ஓமன். பிறகு ஒரு ஏஜென்ட் சொன்ன வழியில் இந்த நாட்டின் தெற்குப் பக்கம், பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் பழம் பறிக்கிற வேலை. கூடாரத்துக்குள் மூச்சு முட்டும். படுப்பது இரும்புப் பெட்டி மாதிரி ஒரு அறையில், கால் நீட்டினால் அடுத்தவன் தலை. மழைக் காலத்தில் துணி காயாது, ஈரத்தோடு போட்டுக்கொண்டு போவோம். அப்போதெல்லாம் எனக்குப் பயம் இருந்ததாக நினைவில்லை. இந்த நாட்டில் தங்குவதற்கான கார்டு கிடைத்து, குடும்பம் வந்து, கதவில் பூட்டு போட்ட பிறகுதான் பயமும் உள்ளே வந்து குடியேறியது.

அதே கூடாரத்துக்கு எனக்குப் பின்னால் வந்தவன் பழனி. எங்கள் மலையிலேயே பைல் நாட்டுக்காரன், என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவன். என்னை அண்ணா என்பான், பொன்னியை அண்ணி. மலருக்கு அவன் சித்தப்பா. எனக்குக் கிடைத்த கார்டு அவனுக்குக் கிடைக்கவில்லை. அவன் மனுவைத் தள்ளிவிட்டார்கள். நாட்டைவிட்டுப் போகச் சொல்லி ஒரு கடிதமும் வந்தது. வக்கீல் வைத்து மறுபடி கேட்டிருக்கிறான். பதில் வருகிறவரை எங்கள் கூடத்துச் சோபாவில்தான் தூங்குகிறான். கட்டட வேலைக்குப் போகிறான். ஊரில் மனைவி ராணி, அவன் இன்னும் கையில் தூக்கிப் பார்க்காத ஒரு பெண்பிள்ளை. அவன் பிடிபட்டால் அவன் போவான். அவனை வைத்திருந்ததற்காக என் கார்டும் போகுமோ என்பது என் பயம். இந்த வருடம் என் கார்டைப் புதுப்பிக்க வேண்டும்.

2

போன் பற்றி எழுத வேண்டுமானால் டவர் மரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நான் ஓமனில் இருந்த காலத்தில் எங்கள் ஊரில் எந்த வீட்டுக்குள்ளும் சிக்னல் கிடையாது. ஊருக்கு மேலே ஒரு பலாமரம், மிளகுக் கொடி ஏறியது. அதில் ஒரு பக்கத்துக் கிளைக்கு மட்டும் அடிவாரத்துக் கீழ்நாட்டு டவர் எட்டும். ஊரில் இருந்த போன்களையெல்லாம் பிளாஸ்டிக் பையில் போட்டு அந்தக் கிளையில் தொங்கவிட்டிருப்பார்கள். மிளகு பறிக்கிற ஏணி பக்கத்திலேயே சாத்தியிருக்கும். போன் அடித்தால், அது யாருடையதாக இருந்தாலும், பக்கத்தில் இருப்பவர் எடுக்க வேண்டும். யாரும் போட்ட சட்டம் இல்லை. மலைக்கு வருகிற அழைப்பு ஆஸ்பத்திரியில் இருந்து வந்ததாக இருக்கலாம், போர்வெல் வண்டியில் இருந்து வந்ததாக இருக்கலாம். எடுக்காமல் விட்டால் நாளைக்கு ஊரில் முகம் காட்ட முடியாது.

நான் பொன்னிக்குப் பேசினால் முதலில் எடுப்பது பெரும்பாலும் கிளியாயி அக்கா. அவருடைய காடு மரத்துக்குப் பக்கம்.

“ஆருங்க?”

“நாந்தாங்க்கா, மஸ்கட்டுலருந்து. பொன்னி இருக்குதுங்களா?”

“அவ கீழ்க்காட்டுல கெழங்கு புடுங்கறா சாமி. என்ன சேதி, எங்கிட்டச் சொல்லு, சொல்லிப்போடறேன்.”

“ஒண்ணுமில்லீங்க்கா. சும்மா பேசலாம்னு.”

“சும்மாப் பேசறதையெல்லாம் நா வாங்கி வெச்சுக்க முடியாது. நீயே வந்து பேசிக்க.”

பிறகு ஊருக்குப் பக்கத்திலேயே டவர் வந்துவிட்டது. மரத்தில் இப்போது மிளகு மட்டும்தான். ஆனால் பழக்கம் போகவில்லை. இன்றைக்கும் எங்கள் ஆட்களுக்குப் போன் என்பது ஒரு ஆளோடு ஒட்டியது இல்லை. போன் ஓரிடத்தில் இருக்கும், ஆள் ஓரிடத்தில் இருப்பான், நடுவில் யாராவது ஒருவர் இருப்பார். இது எங்களுக்கு வித்தியாசமாகவே தோன்றாது. அங்கேதான் நான் தப்புக் கணக்குப் போட்டேன்.

3

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பழனி கோழி வதக்கிக்கொண்டிருந்தான். மலர் சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரைத் திறந்து, “அப்பா, இங்க வாங்க. உங்க ஊரைக் காட்டறேன்” என்றாள். அவள் உங்க ஊர் என்று சொன்னால் அது கொல்லிமலை இல்லை, இந்த லிஸ்பன். எங்கள் ஊர் என்று அவள் எதையும் சொல்வதில்லை.

திரையில் கறுப்பாக ஒரு வரைபடம். ஆறு தெரிந்தது, பாலம் தெரிந்தது. அதன்மேல் மின்மினி மாதிரிப் புள்ளிகள் ஊர்ந்தன. ஒவ்வொன்றும் ஒரு போன் என்றாள். போன் கம்பெனி கொடுத்தது. பெயர் இருக்காது, நம்பர் இருக்காது, எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். எந்தப் போன் எந்த நேரம் எந்த டவருக்குப் பக்கத்தில் இருந்தது என்பது மட்டும் இருக்கும். அதை வைத்து ஊர் ஜனம் எப்போது எங்கிருந்து எங்கே போகிறது, எங்கே பஸ் போதவில்லை, எங்கே படகு போதவில்லை என்று பார்க்கலாம். அவளுடைய பேராசிரியை செய்கிற ஆராய்ச்சி. மாணவர்களுக்குப் பழக ஒரு சின்னத் துண்டு கொடுத்திருக்கிறார்.

“நா போன்ல பேசவே இல்லைன்னா?”

“நீங்க பேசலைன்னாலும் போன் டவரோட பேசிட்டேதான் இருக்கும்பா. நான் இங்க இருக்கேன், இங்க இருக்கேன்னு.”

அடுப்படியில் இருந்து பழனி சொன்னான். “என்ற பொண்டாட்டியாட்டவே இருக்குது. எங்க இருக்கீங்க, எங்க இருக்கீங்கன்னு.”

எல்லாரும் சிரித்தோம். மலர் நேரத்தை விடிகாலைக்குத் திருப்பினாள். ஊர் இருட்டாக இருந்தது. எங்கள் கரையில் எங்கள் பேட்டைக்கு நேராக ஒரு புள்ளி கிளம்பியது. படகுத்துறைக்கு வந்தது. ஆற்றைக் கடந்தது. கொஞ்சம் நின்றது. வடக்கே போனது. ஊர் எல்லையில், சந்தை இருக்கிற இடத்தில் போய் உட்கார்ந்தது. மத்தியானத்துக்கு மேல் அதே வழியில் திரும்பி வந்தது.

“இது நான்” என்றேன்.

“உங்களை மாதிரி நெறையப் பேர் இருப்பாங்கப்பா.”

“முதல் படகுல வர்றவங்க எல்லாரையும் எனக்குத் தெரியும் கண்ணு. சந்தைக்குப் போறது நான் ஒருத்தன்.”

“பேர் இல்லாம யாருன்னு எப்படித் தெரியும்?”

மலையில் பொழுது சாய்ந்த பிறகு எதிர்ச் சரிவில் ஒரு டார்ச் வெளிச்சம் நகர்ந்தால் போதும். எந்த வீட்டில் கிளம்பியது, எந்தத் தடத்தில் திரும்பியது, எங்கே நின்றது என்று பார்த்தே இன்னார் இன்ன காரியத்துக்குப் போகிறார் என்று சொல்லிவிடுவோம். வெளிச்சத்தில் யாரும் பெயர் எழுதி வைத்திருக்கவில்லை. இதைச் சொன்னேன். மலர் அந்தப் புள்ளியைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“ப்ரொபசரும் அதைத்தான் சொன்னாங்க” என்றாள். “தூங்கற எடம், வேலை செய்யற எடம், இன்னும் ஒண்ணு ரெண்டு எடம் தெரிஞ்சாப் போதும்னு. அதனாலதான் இதை வெளிய யாருக்கும் குடுக்கக் கூடாது.”

கரண்டிச் சத்தம் நின்றிருந்தது. பழனி அடுப்பை அணைத்துவிட்டு வாசற்படியில் நின்றான்.

“அம்மிணி, நானும் அதுல இருக்கேனா?”

4

அன்று கோழிக்குழம்பு ருசிக்கவில்லை.

நான் யோசித்தது இதுதான். பழனி மனு போட்டபோது அதில் போன் நம்பரை எழுதிக் கொடுத்திருக்கிறான். ஆக, அவனைப் போகச் சொன்ன ஆபீசில் அவன் நம்பர் இருக்கிறது. போன் எங்கே தூங்குகிறது என்று கம்பெனிக்குத் தெரியும். இரண்டு பேரும் ஒரு நாள் பேசிக்கொண்டால் முடிந்தது. விலாசம் எதற்கு, புள்ளியே வந்து கதவைக் காட்டும்.

“அப்படியெல்லாம் நடக்காதுப்பா. சித்தப்பாவை யாரும் தேடல. இது பஸ் விடறதுக்கு.”

“இன்னிக்கு பஸ்ஸுக்கு. நாளைக்கு?”

மலர் இந்த ஊர் மொழியில் ஏதோ சொன்னாள்.

“தமிழ்ல சொல்லு கண்ணு” என்றாள் பொன்னி.

“தெரியலைன்னு சொன்னேம்மா.”

அவளுக்குத் தெரியவில்லை என்பது எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய பயமாக இருந்தது. இங்கே வந்த நாள் முதல் எங்களுக்குத் தெரியாததெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். கார்டு ஆபீசுக்குப் போன் போட்டு, பாட்டைக் கேட்டுக்கொண்டே காத்திருந்து நேரம் வாங்குகிறவள் அவள். நான் பேசினால் அந்தப் பக்கம் வைத்துவிடுவார்கள்.

போனை அணைத்து வைக்கலாமா என்று பழனியைக் கேட்டேன்.

“ராணி பயந்துக்குவாளுங்க. சுவிட்ச் ஆஃப்னு வந்தா ஊரே கூடீரும்.”

அது உண்மை. மலையில் அணைந்த போன் என்றால் ஒன்று மழை, இல்லாவிட்டால் சாவு. ராணி தினமும் வேலை நேரத்தில் ஒரு தடவை கூப்பிடுவாள். புது நம்பர் வாங்கினால் வக்கீலிடம் சொல்ல வேண்டும், வக்கீல் ஆபீசுக்குச் சொல்வார், மறுபடி அதே கதை. அப்போதுதான் எனக்கு டவர் மரம் நினைவுக்கு வந்தது. போன் ஓரிடம், ஆள் ஓரிடம். அவன் போனை நான் வைத்துக்கொள்கிறேன் என்றேன். என்னுடையது கால்சட்டைப் பையில், அவனுடையது இடது சட்டைப்பையில். இரண்டும் என்னோடு படகேறும், என்னோடு சந்தைக்குப் போகும், என்னோடு திரும்பி வரும். பார்க்கிறவனுக்கு இரண்டுமே நான், பழனியின் நம்பர் கை மாறிவிட்டது என்று நினைப்பான். ராணி கூப்பிட்டால் நான் எடுத்துப் பேசுகிறேன்.

பழனிக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. ராணிக்கும் தெரியவில்லை. முதல் நாள் நான் எடுத்து “ஆரு, ராணியா?” என்றதும், “அண்ணனுங்களா? அவுரு வேலையா இருக்காருங்களா? சரீங்க. பாப்பாவுக்குக் காய்ச்சல் உட்டுருச்சுன்னு சொல்லிப்போடுங்க” என்று வைத்துவிட்டாள். ஏன் நீங்கள் எடுக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மலையில் யாரும் கேட்க மாட்டார்கள்.

மலர்தான் கேட்டாள். சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

“ரெண்டு போன் எப்பவும் சேந்தே போனா அது ரெண்டு போன் வெச்சிருக்கற ஒரே ஆள்னு எடுத்துக்குவோம்பா. ஒண்ணைக் கழிச்சிருவோம்.”

“அதுதான் எனக்கு வேணும்.”

“அப்ப சித்தப்பா எங்க போறாரு?”

“அவன் எங்கயும் போகலை. அதுதானே வேணும்.”

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. என்னைப் பார்த்து அவள் பயந்த மாதிரி எனக்குத் தோன்றியது.

5

முதல் சில நாட்கள் நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு வேறு ஒரு பயம் ஆரம்பித்தது.

முன்பெல்லாம் பழனி தாமதமாக வந்தால் படகைத் தவறவிட்டேன் என்று போனில் சொல்லுவான். இப்போது சொல்ல வழியில்லை. சாயங்காலம் மேசை மேல் அவன் போன் கிடக்கும். பொன்னி அதைப் பார்ப்பாள், கதவைப் பார்ப்பாள்.

“ஏனுங்க, போன் ஊட்டுல இருக்குது. ஆள் எங்கீங்க?”

“வருவான்.”

“எந்த எடத்துல வேலைன்னாச்சும் கேட்டு வெச்சீங்களா?”

கேட்டிருந்தேன். ஆனால் மேஸ்திரி வாரம் ஒரு கட்டடத்துக்குக் கூட்டிப் போவான். இன்றைக்கு எந்தக் கட்டடம் என்று பழனிக்கே வேனில் ஏறின பிறகுதான் தெரியும். அவன் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு போனால், திரும்பிக் கதவைத் தட்டுகிறவரை இந்த உலகத்தில் அவன் எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. அந்த ஆபீசுக்குத் தெரியாது, போன் கம்பெனிக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒரு ஆளைக் கணக்கில் இல்லாமல் செய்வது இவ்வளவு சுலபமா என்று அடிக்கடி நினைத்தேன். ஆனாலும் நான் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. எது பெரிய பயம் என்று எனக்குத் தீர்மானம் வரவில்லை.

இந்த நேரத்தில் என் கார்டு வேலையும் சேர்ந்துகொண்டது. விலாசத்துக்குச் சான்று வேண்டும் என்றார்கள். இந்த ஊரில் விலாசம் என்றால் தெரு, கதவு எண், மாடி, அதற்கு மேல் வலதா இடதா என்றும் சொல்ல வேண்டும். ஒரு மாடியில் எதிரெதிராக இரண்டு வீடு. எங்களுடையது மூன்றாம் மாடி இடது. எனக்கு அந்த இரண்டு வார்த்தையும் ஆரம்பத்தில் இருந்தே குழப்பம். வந்த புதிதில் நான் மாற்றிச் சொல்லி, எங்களுக்கு வர வேண்டிய கடிதம் எதிர்வீட்டுக் கிழவரிடம் போய், அவர் திருப்பி அனுப்பி, மறுபடி முதலில் இருந்து அலைந்தோம்.

6

அது நடந்தபோது நான் ஆரஞ்சுப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தேன். இடது பை அடித்தது. ராணி கூப்பிடுகிற நேரம் இல்லை. எடுத்துப் பார்த்தேன். இந்த ஊர் நம்பர். கைப்பேசி நம்பர்கூட இல்லை, ஏதோ ஆபீஸ் நம்பர்.

இங்கே எங்கள் ஆட்களுக்குள் ஒரு பழக்கம். தெரியாத நம்பர் என்றால் எடுப்பதில்லை. எடுத்தால் மொழி புரியாது, புரிந்தால் நல்ல சேதியாக இருக்காது. நான் எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்தது. பெட்டியைக் கீழே வைத்தேன். மறுபடி அடித்தது. கூட வேலை செய்கிற ஆப்பிரிக்கக்காரர் ஒருவர், “உன் பை அழுகிறதே, பால் கொடு” என்றார். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். கண்டுபிடித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். போன் தூங்குகிற இடமும் தெரிந்துவிட்டது, போகிற இடமும் தெரிந்துவிட்டது, இப்போது யார் கையில் இருக்கிறது என்று பார்க்கிறார்கள். அதுவும் ஓய்ந்தது.

கீழே லாரிக்குப் பக்கத்தில் வீசிவிடலாமா என்றுகூட யோசித்தேன். சக்கரம் ஏறினால் தீர்ந்தது.

மூன்றாம் தடவை அடித்தது. அதை எப்படி எடுத்தேன் என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கிளியாயி அக்கா ஏணியில் ஏறி எடுப்பாரே, அந்த மாதிரிக் கை போய்விட்டது. காதில் வைத்ததும் இந்த ஊர் மொழியில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. பயத்தில் தமிழ்தான் வந்தது.

“ஆருங்க?”

அந்தப் பக்கம் ஒரு பெண் ஏதோ சொல்லிவிட்டு நிறுத்தினாள். பிறகு ஏதோ உராய்கிற சத்தம்.

“அண்ணா, நாந்தானுங்க.”

“பழனியா? எங்கடா இருக்கே?”

“ஆசுபத்திரீங்க. சாரத்துலருந்து உழுந்துட்டேன். காலு போச்சுங்க.” கொஞ்சம் நிறுத்தி, “இல்லீங்க, இருக்குது. ஒடஞ்சிருக்குது” என்றான்.

“மேஸ்திரி?”

“வாசல்ல எறக்கி உட்டுட்டுப் போயிட்டானுங்க. நம்பர் கேட்டாங்க இவங்க. எனக்கு என்ற நம்பர் ஒண்ணுதாங்க மனப்பாடம். உங்களுது, ராணியுது எல்லாம் போனுக்குள்ளதான இருக்குது. அதையே சொன்னேன். ரெண்டு தடவை யாரும் எடுக்கலைன்னாங்க.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு சந்தை வாசலுக்கு நடந்தேன்.

“இன்னொருக்காப் போடுங்க, ஆராச்சும் எடுப்பாங்கன்னு சொன்னேனுங்க” என்றான்.

7

நான் போனில் சொன்னதும் கிளம்பிய மலர் எனக்கு முன்பே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். உள்ளே பழனியைப் படுக்க வைத்திருந்தார்கள். தொடையில் இருந்து பாதம் வரை வீங்கியிருந்தது. அறுவை செய்து கம்பி வைக்க வேண்டும் என்றார்கள். என்னைப் பார்த்ததும் அவன் முதலில் கேட்டது, “ராணி கூப்புட்டாளுங்களா?”

எனக்கு உள்ளே போவதைவிட முகப்பு மேசைக்குப் போவதுதான் பயமாக இருந்தது. அங்கே கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண், கம்ப்யூட்டர். கட்டுப் போடுகிறவர்கள் அவனிடம் எந்தக் காகிதமும் கேட்கவில்லை. பதிவுக்குக் கேட்பார்கள் என்று நான் நினைத்தேன். கதவைப் பார்த்தேன். நான் வராமலே இருந்திருக்கலாம், அழைப்பை எடுக்காமலே இருந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது என்று ஒரு நினைப்பு ஓடியது.

“நீங்கள் அவருக்கு யார்?”

“அண்ணன்” என்றேன்.

அவள் திரையில் பழனியின் பெயரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எதுவும் கேட்கவில்லை. தகவல் சொல்ல ஒரு போன் நம்பர் வேண்டும் என்றாள். என் நம்பரைச் சொன்னேன். அவர் தங்கியிருக்கும் விலாசம் வேண்டும் என்றாள்.

“அப்பா, நான் சொல்லட்டுமா?” என்றாள் மலர்.

“வேண்டாம்” என்றேன். இவ்வளவு நாள் எதைக் கம்ப்யூட்டருக்குள் போகவிடாமல் இருக்கப் போனைச் சுமந்தேனோ, அதை நானே சொல்லவேண்டியிருந்தது. தெருவைச் சொன்னேன். கதவு எண்ணைச் சொன்னேன். மூன்றாம் மாடி என்றேன். வலது என்றேன்.

அவள் தட்டினாள். அடுத்த கேள்விக்குப் போனாள்.

மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று அப்புறம்தான் உறைத்தது. இந்தத் தடவை பழைய குழப்பமா, பயமா என்று எனக்கே தெரியாது. ஆனால் அது அப்படியே இருக்கலாம் என்று தோன்றியது. யாராவது தேடி வந்தால் கிழவர் கதவைத்தான் தட்டுவார்கள். அவர் காது கேளாதவர். இங்கே யாரும் இல்லை என்று சொல்லுவார். கேட்டால், மொழி தெரியாதவன், மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அது பொய்யும் இல்லை.

மலர் என் பக்கத்தில் நின்றாள். அவளுக்குத் தெரியும். திருத்தவில்லை, என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. சின்ன வயதில் திருப்பி அனுப்பப்பட்ட அந்தக் கடிதத்துக்காக என்னோடு ஆபீஸ் ஆபீசாக நின்றவள்.

காலுக்கு அறுவை முடிந்த பிறகு இந்த விலாசத்துக்குத்தான் எழுதுவார்கள். எப்போது வர வேண்டும், எந்த மருந்து, எல்லாம்.

“மன்னிக்கணும்” என்றேன் கண்ணாடியைப் பார்த்து. “மூன்றாம் மாடி. இடது.”

மேசைப் பெண் அழித்துவிட்டு மறுபடி தட்டினாள். இடது, என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினாள்.

அறுவை முடிகிறவரை நடைவழியில் உட்கார்ந்திருந்தோம். ராணி கூப்பிட்டாள். என்ன சொல்வது என்று முன்பே யோசித்து வைத்திருந்தேன், வேலையாக இருக்கிறான் என்று. ஆனால் மரத்தடியில் போன் எடுக்கிறவர் கேட்டதைக் கேட்டபடிதான் சொல்ல வேண்டும். உள்ளதைச் சொன்னேன். அவள் அழுதாள். பிறகு, “நீங்க பக்கத்துல இருக்கீங்களா அண்ணா?” என்றாள். இருக்கேன் என்றேன்.

மலர் என் இடது பையைப் பார்த்து, “இன்னிக்குக் கணக்குல ஆஸ்பத்திரியில மூணு போன் நிக்கும்” என்றாள். “உங்களுது, சித்தப்பாவோடது, என்னோடது. மூணு பேரும் இங்கதான், கழிக்க வேண்டியதில்ல.”

எனக்கு அது ஆறுதலாக இல்லை. அவளும் ஆறுதலுக்குச் சொல்லவில்லை.

8

இப்போது பழனி எங்கள் சோபாவில் காலை நீட்டிப் படுத்திருக்கிறான். போன் அவன் நெஞ்சு மேல் இருக்கிறது. நாள் முழுக்க அது எங்கள் டவரோடு பேசிக்கொண்டிருக்கும், இங்கே இருக்கிறேன், இங்கே இருக்கிறேன் என்று. மலர் அவனுக்கு என் நம்பரையும் அவள் நம்பரையும் மனப்பாடம் செய்ய வைக்கிறாள். இந்த ஊர் மொழியில் ஒவ்வொரு இலக்கமாகச் சொல்ல வேண்டும். தப்பினால், “சித்தப்பா, மறுபடி” என்கிறாள்.

“இதுக்குக் காலே ஒடஞ்சிருக்கலாம் அம்மிணி.”

“ஒடஞ்சுதான் இருக்கு. சொல்லுங்க.”

ஆஸ்பத்திரியில் இருந்து கடிதம் சரியான கதவுக்கு வந்தது. பழனியைப் போகச் சொன்ன ஆபீசில் இருந்து எதுவும் வரவில்லை. வக்கீல் காத்திருக்கச் சொல்கிறார். என் கார்டுக்கும் பதில் இல்லை. படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டால் பொன்னி கையில் இருக்கிற பாத்திரத்தோடு அப்படியே நிற்கிறாள். மூன்றாம் மாடியைத் தாண்டி மேலே போனால்தான் பாத்திரத்தை வைக்கிறாள்.

நேற்று படகில் அடித்த போனைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அது ஒரு காலி இருக்கையில் கிடந்தது. யாரோ மறந்துவிட்டு இறங்கியிருக்கிறார்கள். அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. சுற்றி இருந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு ஆற்றைப் பார்த்தார்கள். தங்களுடையது இல்லாத போனை யாரும் தொடுவதில்லை. நானும் ஆற்றைத்தான் பார்த்தேன். யாருடையதோ, எந்தக் காரியத்துக்கோ, என் கை பட்டால் நாளைக்கு என்னைக் கேட்பார்கள். அப்புறம் எழுந்து போய் எடுத்தேன்.

“ஆருங்க?”

ஒரு பெண். படகுத்துறைக் கடையில் இருந்து பேசுவதாகச் சொன்னாள். அது அவளுடைய போன், அவளுக்கு வேறு எந்த நம்பரும் நினைவில் இல்லையாம். படகு திரும்பி வரும்போது துறையில் கொடுத்துவிடும்படி படகுக்காரரிடம் சொல்கிறேன் என்று எனக்குத் தெரிந்த மொழியில் சொன்னேன். அவள் நன்றி சொல்லிவிட்டு, நீங்கள் யார் என்று கேட்டாள்.

நான் சுற்றிலும் பார்த்தேன். போனை வைத்துவிட்டிருக்கலாம்.

“சடையன்” என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை போலிருக்கிறது. இன்னொரு தடவை, எழுத்து எழுத்தாகச் சொன்னேன்.